உள்ளங்கையில் ஒரு சரக்கு வண்டி

தண்டவாளங்களுக்கு இடையே வெறும் 597 மில்லிமீட்டர்! நம் நாட்டு அகலப் பாதையில் இந்த இடைவெளி 1,676 மி.மீ. என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அகலமே உள்ள ஃபெஸ்டினியோக் இருப்புப்பாதை, வடமேற்கு வேல்ஸில் 1836-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மலைச் சுரங்கங்களில் வெட்டிய சிலேட்டுக் கல்லைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதே அதன் வேலை. அப்போது எஞ்சின் கிடையாது. சுமை ஏற்றிய வண்டிகள் சரிவில் தாமாகவே உருண்டு இறங்கும். காலி வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்துச் செல்லும். இறங்கும்போது குதிரைகளுக்கும் ஒரு வண்டி உண்டு! அவை அதில் நின்றபடி, தீவனம் தின்றுகொண்டே சவாரி செய்தன. 1863-இல் நீராவி எஞ்சின்கள் வந்த பின்னரும், சிலேட்டு வண்டிகள் 1939 வரை ஈர்ப்பு விசையாலேயே இறங்கி வந்தன.

இந்தச் சிலேட்டு வண்டிகளின் சிறு உருவங்களைச் செய்வது பிரிட்டனில் பலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வரும். நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டும். பொழுதுபோக்கு என்று சொன்னேனே தவிர, அதற்குள் ஒரு பௌதிகப் பாடமே அடங்கியிருக்கிறது. நண்பர் ஒருவர் கொடுத்த பெட்டியைப் பிரித்து நான் உட்கார்ந்தபோது அது எனக்குத் தெரியாது.

முதலில் அளவைப் பார்ப்போம். உண்மையான ஓர் அடிக்கு மாதிரியில் 4 மி.மீ.; அதாவது 76-இல் ஒரு பங்கு. அப்படியானால் 597 மி.மீ. பாதை 7.8 மி.மீ. ஆக வேண்டும். ஆனால் கடையில் கிடைப்பது 9 மி.மீ. தண்டவாளம். வேறொரு சிறிய அளவு மாதிரி ரயிலுக்காக ஏராளமாகத் தயாராகும் தண்டவாளம் அது. எஞ்சின்களும் அதற்கே எளிதில் கிடைக்கும். ஆகவே ஒரு மில்லிமீட்டர் பொய்யை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்! எனக்கும் அதில் குறையில்லை.

நீளம் 76-இல் ஒரு பங்கானால் எடை எத்தனை பங்கு? இங்கேதான் பலர் தவறுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால், எடை 76 × 76 × 76, அதாவது ஏறத்தாழ 4,40,000-இல் ஒரு பங்காகிறது. சுமையோடு சேர்த்து வண்டியின் எடை 2,640 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். மாதிரி வண்டியின் எடை வெறும் 6 கிராம்!

நான் ஒட்டிய வண்டியும் ஏறத்தாழ அவ்வளவுதான் இருந்தது. மூன்று மாலைப் பொழுதுகள் செலவிட்டுச் செய்த வண்டி, முதல் வளைவிலேயே தடம் புரண்டது. தூக்கி வைத்தேன், மீண்டும் புரண்டது.

காரணம் என்ன? எடை குறைந்த அளவுக்கு மற்ற விசைகள் குறைவதில்லை. இணைப்புக் கொக்கி சற்று இறுக்கமாக இருந்தால் வளைவில் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளுவிசை 2 கிராம் எடைக்குச் சமம் என்போம். 6 கிராம் வண்டியில் ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் உள்ள பளு ஒன்றரைக் கிராம். பக்கவிசை பளுவைவிட மிகுந்துவிட்டது. சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறிவிடும். வண்டியில் 10 கிராம் கூட்டினால் ஒரு சக்கரத்துக்கு 4 கிராம் பளு கிடைக்கும். அதே கொக்கி அதே விசையுடன் தள்ளினாலும் சக்கரம் தன் இடத்திலேயே இருக்கும்.

இன்னொரு காரணத்தைப் பிறகுதான் கண்டேன். வண்டியைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பார்த்தபோது, ஒரு சக்கரம் தரையைத் தொடவே இல்லை. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும். நாற்காலி ஆடும் அல்லவா? மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். நான்காவதற்கு அந்த உத்தரவாதம் இல்லை. ஒட்டும்போது பக்கப் பலகை ஒரு மயிரிழை கோணலானாலும் இப்படி ஆகும். அதனால் பசை காய்வதற்கு முன்பே வண்டியைக் கண்ணாடியின் மேல் வைத்துச் சரிபார்த்துவிட வேண்டும். இந்தப் பிளாஸ்டிக் பசை உண்மையில் ஒரு கரைப்பான். இரு பரப்புகளையும் இளக்கி ஒன்றாகக் கலந்துவிடுகிறது; காய்ந்த பின் பிரிக்க முடியாது. அதன் ஆவி உடலுக்குக் கெடுதி என்பதால், திறந்த சன்னலின் அருகே உட்கார்ந்து ஒட்டுங்கள்.

சரி, பளு கூட்டினால் உராய்வும் கூடி, வண்டி உருள மறுக்குமா? இதைச் சோதித்துப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளத் தண்டவாளத்தைப் பலகையில் பொருத்தி, ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். என் வண்டி 25 மி.மீ. உயரத்தில் உருளத் தொடங்கியது. அதாவது 40-க்கு 1 சரிவு. 10 கிராம் சேர்த்த பின்னும் ஏறக்குறைய அதே உயரம்தான்! உராய்வு கூடியது உண்மை. ஆனால் சரிவில் இழுக்கும் விசையும் அதே விகிதத்தில் கூடிவிட்டது. ஃபெஸ்டினியோக் பாதையோ சுமார் 21 கிலோமீட்டரில் 210 மீட்டர் இறங்குகிறது. 100-க்கு 1 சரிவு. உண்மையான வண்டி என் வண்டியைவிட நன்றாக உருண்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அச்சின் முனைகளை ஊசிபோல் கூராக்கி, கூம்பு வடிவக் குழியில் அமர்த்துவது ஏன் என்று இப்போது புரிகிறதா? உராயும் இடம் அச்சின் மையத்தை நெருங்க நெருங்க, அங்கே எழும் உராய்வின் திருப்புவிசை குறைகிறது.

எந்தப் பொருளால் பளு ஏற்றுவது? ஈயம் அடர்த்தி மிகுந்தது. ஒரு கன செ.மீ. 11.3 கிராம். ஆகவே சிறு ஈயக் குண்டுகளை, மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையில் தோய்த்து, வண்டியின் அடியிலுள்ள இடைவெளியில் நிரப்பி மூடினேன். வண்டி அருமையாக ஓடியது. இரண்டு ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்த்தால், பக்கப் பலகை வெடித்துப் பிளந்திருந்தது! உள்ளே வெண்மையான தூள்.

பளுவில் பிழையில்லை, என் ரசாயனத்தில்தான் பிழை. அந்தப் பசை மெல்ல மெல்ல அசெட்டிக் அமில ஆவியை வெளிவிடுகிறது. மூடிய அறையில் அந்த ஆவி, ஈரம், கார்பன்-டை-ஆக்சைடு மூன்றும் சேர்ந்து ஈயத்தைக் கார ஈயக் கார்பனேட்டாக மாற்றிவிட்டன. முற்காலத்தில் ஈயத் தகடுகளைக் காடிப் பானைகளில் வைத்து வெள்ளைச் சாயம் செய்தார்களே, அதே வினைதான்! இந்தத் தூள், தான் உண்டாக்கப்பட்ட ஈயத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இடத்தை அடைக்கும். அதைத் தாங்க அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கால் முடியுமா? ஈயமும் அந்தத் தூளும் நச்சுப் பொருள்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அடுத்த வண்டியில் ஈயத்தை விட்டுவிட்டுப் பித்தளைத் தகடு வைத்தேன். ஈயத்தைவிட லேசானது என்பதால் கூடுதல் இடம் வேண்டியிருந்தது. அச்சுகளுக்கு நடுவே, முடிந்தவரை தாழ்வாக, எபாக்சிப் பசையால் ஒட்டினேன். மேலே வைத்தால் ஈர்ப்பு மையம் உயர்ந்து வளைவில் கவிழ்ந்துவிடும். கண்ணாடித் தகட்டில் நான்கு சக்கரங்களும் தொட்டன. பலகைச் சோதனையில் அது 22 மி.மீ. உயரத்திலேயே உருண்டுவிட்டது.