படங்களில் லக்ஷணங்களைப் பிரித்தெடுக்கும் முறைகள்

படத்தைக் கொண்டு பொருளை இனம் பிரிக்கும் கணினி யந்திரங்கள் இக்காலத்தில் மீன்பிடி தொழிலிலும் புகுந்து வருகின்றன. அவை வேலை செய்யும் விதத்தையும் பிசகும் இடத்தையும் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் வசிப்போர் அறிந்திருத்தல் நலம். ஒரு நண்டை யந்திரம் வேறு இனமாகக் கணிக்குமாயின், விலையில் நஷ்டமடைபவர் அதைப் பிடித்தவரேயாவர்.

லக்ஷணமாவது யாது?

யந்திரத்துக்குப் படமென்பது எண்களின் கூட்டமே. படம் சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்தின் வெளிச்சமும் வர்ணமும் பெரும்பாலும் 0 முதல் 255 வரையுள்ள எண்களால் குறிக்கப்படும். ஒரே நண்டைக் காலையிலும் உச்சிவேளையிலும் படமெடுத்தால் இவ்வெண்கள் வேறுபடும். ஆகையால், வெளிச்சமும் தூரமும் கோணமும் மாறினும் கூடியவரையில் மாறாத குறிப்புகளை அவ்வெண்களினின்று கணித்தெடுக்க வேண்டும். இதுவே லக்ஷணங்களைப் பிரித்தெடுத்தல் எனப்படும்.

சேற்று நண்டு இதற்குத் தக்க உதாரணமாகும். பெரிய இனமும் சிறிய இனமும் நெடுங்காலம் பெயர் மயங்கிக் கிடந்தன. 1998-ல் உயிர்நூலார் இக்குலத்தை நான்கு இனங்களாக வகுத்தனர். நிறம் வாழுமிடத்துக்கேற்ப மாறுவதால் அதைமட்டும் நம்பலாகாது. பெரிய இனத்தில் கொடுக்கின் மணிக்கட்டுப் புறத்தே இரண்டு முட்கள் தெளிவாக இருக்கும். கால்களில் பலகோணக் கோலமும் காணப்படும். சிறிய இனத்தில் அக்கோலம் இராது, முட்களும் குன்றியிருக்கும். எனவே நிறம் நிலையற்ற லக்ஷணம்; முள்ளும் கோலமும் நிலையான லக்ஷணங்கள்.

முக்கியமான முறைகள்

1. விளிம்பு முறை: வெளிச்சம் எத்திசையில் எவ்வளவு மாறுகிறதென்பதைப் பகுதி பகுதியாக எண்ணி, பொருளின் வெளியுருவை அறிதல். மனித உருவைக் கண்டறிய இம்முறையை 2005-ல் தலால், ட்ரிக்ஸ் என்போர் வெளியிட்டனர்.

2. மேற்பரப்பு முறை: ஒவ்வொரு கட்டத்தையும் அதைச் சூழ்ந்த கட்டங்களோடு ஒப்பிட்டு, ஓட்டின் சொரசொரப்பையும் கோலத்தையும் குறித்தல். பின்லாந்து தேசத்து ஓஜாலா குழுவினர் 1990-களில் இதை வகுத்தனர்.

3. முக்கியப் புள்ளி முறை: பெரிதாயினும் திரும்பியிருப்பினும் மீண்டும் அடையாளங்காணத்தக்க புள்ளிகளைத் தேர்ந்தெடுத்தல். கனடாவின் டேவிட் லோ என்பவர் 1999-ல் இதை வெளியிட்டார்.

இம்மூன்றிலும் எதை எண்ண வேண்டுமென்பதை மனிதரே வகுத்துக் கொடுத்தனர். 2012-ல் டொரன்டோ சர்வகலாசாலையார் இயற்றிய நரம்புவலைக் கணிதம், பெருந்தொகையான படங்களினின்று லக்ஷணங்களைத் தானே கற்று, ஒரு பெரிய படப் போட்டியில் முதலிடம் பெற்றது. அது முதல் இம்முறை பெரிதும் பரவிற்று. ஆயினும் இதற்கும் ஓர் எல்லையுண்டு: கற்பித்த படங்களில் இல்லாததை அது கல்லாது.

மனிதரின் செயலை அறிதல்

செயலை அறிய ஒரு படம் போதாது. வீச்சுவலையை வீசுபவரும் அதை இழுப்பவரும் ஒரு கணத்தில் ஒரே நிலையில் தோன்றக்கூடும். எனவே அடுத்தடுத்த படங்களில் உறுப்புகள் நகரும் வரிசையை லக்ஷணமாகக் கொள்ள வேண்டும். உடலின் மூட்டுகளில் வைத்த சில ஒளிப்புள்ளிகளின் அசைவை மட்டும் கண்டே மக்கள் நடையை அறிந்துகொள்வதை ஸ்வீடன் தேசத்து யோஹான்சன் 1973-ல் காட்டினார்.

2004-ல் அதே தேசத்தில் வெளியான படத்தொகுதியொன்றில் 25 பேர் ஆறு செயல்களைச் செய்து காட்டினர்: நடத்தல், மெல்லோட்டம், ஓட்டம், குத்துச்சண்டை, கையசைத்தல், கைதட்டல். இவற்றை மட்டுமே கற்ற யந்திரம் வலை வீசுதலையும் இவ்வாறனுள் ஒன்றாகவே சொல்லும்.

பழவேற்காட்டில் இருளர் பெண்கள் ஆழமற்ற நீரில் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறியில் இடுவர். கைகள் நீருக்குள் மறைந்திருப்பதால் அவற்றின் அசைவு படத்தில் விழாது. இத்தொழிலைக் கற்பியாத யந்திரத்தைக் கொண்டு தொழில்புரிவோரைக் கணக்கெடுத்தால், இவர்கள் உழைப்பு ஏட்டில் ஏறாமற்போகும்.

கவனிக்க வேண்டியவை

(1) நண்டின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் படமெடுக்க வேண்டும். ஆணுக்கு வயிற்று மடல் குறுகியும், பெண்ணுக்கு அகன்று வட்டமாயும் இருக்கும். மேற்புறப் படத்தில் இது தெரியாது. தெரியாத லக்ஷணத்தை எம்முறையாலும் பிரித்தெடுக்க முடியாது.

(2) காலை, உச்சிவேளை, மாலை, விளக்கொளி ஆகிய வேளைகளிலும், சேறு படிந்த நிலையிலும் கழுவிய நிலையிலும் படங்கள் சேர்க்க வேண்டும். ஒரே பலகையில் வைத்தெடுத்தால் யந்திரம் நண்டை விட்டுப் பலகையைக் கற்றுக்கொள்ளும்.

(3) அளவறிய அருகில் ஓர் அளவுகோல் வைக்க வேண்டும்.

(4) ஒவ்வொரு படத்துக்கும் இனப்பெயரிடும்போது, அனுபவமுள்ள மீனவரையும் இறால் பிடிக்கும் பெண்களையும் கேட்டே இட வேண்டும். பெயர் தவறாயின் கணிதம் எவ்வளவு நுட்பமாயினும் முடிவும் தவறாகும்.

(5) கற்பிக்க உபயோகியாத படங்களைத் தனியே வைத்து, அவற்றைக் கொண்டு யந்திரத்தைப் பரீட்சித்த பின்னரே அதன் சொல்லை விலைக்கும் கணக்குக்கும் ஏற்றல் தகும்.