பறை என்னும் பெயர்

போடிநாயக்கனூரிலிருந்து மூணாற்றுக்குச் செல்லும் மலைப்பாதை, வளைந்து வளைந்து ஏறிப் போடிமெட்டில் இடுக்கி மாவட்டத்துள் நுழைகிறது. ஏலத்தோட்ட வேலைக்கு நாள்தோறும் ஜீப்பில் மலையேறும் நம் மக்களுக்கு அங்கே மொழி மாறுவது பெரிய செய்தியன்று. புதிதாகச் செல்லும் மாணவனுக்கோ, தேநீர்க் கடையில் ஒரு மலையாளி தம் நண்பரைப் பார்த்து, ‘பற, பற’ என்பது விந்தையாக இருக்கும். பறக்கச் சொல்கிறாரா? பறையடிக்கச் சொல்கிறாரா? இரண்டும் அல்ல. ‘சொல், சொல்’ என்கிறார்.

நண்பர்களே, நம் பழைய இசைக்கருவி ஒன்றின் பெயர்ப்பொருளை அந்தத் தேநீர்க் கடையிலேயே கற்றுக்கொள்ளலாம். மலையாளத்தில் ‘பறயுக’ என்றால் சொல்லுதல். ‘பற’ என்பதே அங்கு முழக்கும் கருவிக்கும் பெயர்; நெல் அளக்கும் கலத்துக்கும் பெயர். தமிழ்நாட்டுப் பேச்சில் நாம் கருவியை வைத்துக்கொண்டு வினையை நழுவவிட்டோம். ஈழத்துத் தமிழர் நழுவவிடவில்லை. மட்டக்களப்புப் பேச்சில் பறைதல் என்பது பேசுதலே. கன்னடத்தில் கருவியின் பெயர் ‘பறெ’, பிற்காலத்தில் ‘ஹறெ’. பால் ‘ஹாலு’ ஆனதும், பள்ளி ‘ஹள்ளி’ ஆனதும் இவ்வாறே. பரோ, எமனோ என்னும் அறிஞர் இருவர் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதி இவற்றை ஓரினமாகவே காட்டுகிறது. (போடிமெட்டுக்கு அப்பால் உள்ள பூப்பாறையை இதனோடு சேர்த்துவிட வேண்டா. அது பாறை, கல்லைக் குறிப்பது.)

ஆகவே பறை என்பது வெறும் தோற்கருவியின் பெயரன்று. செய்தி சொல்லும் கருவியின் பெயர். ‘பறைசாற்றுதல்’ என்று இன்றும் எழுதுகிறோமே, அதில் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. இதற்கு வள்ளுவரை விடச் சிறந்த சான்று வேண்டுமா? கேட்ட மறைபொருளைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் கயவரை அவர் பறைக்கு ஒப்பிடுகிறார் (1076). காதல் துயரை ஊருக்குக் காட்டிக்கொடுக்கும் தலைவியின் கண்களுக்கும் அதே உவமைதான் (1180). கயவருக்கும் காதலிக்கும் ஒரே உவமை பொருந்துவது, பறை வாய் உடையது என்று அவர் கருதியதால் அன்றோ! தொல்காப்பியமோ தெய்வம், உணவு, மரம், பறவை, யாழ் ஆகியவற்றோடு பறையையும் நிலத்தின் கருப்பொருளாக வைத்தது. குறிஞ்சிக்குத் தொண்டகம், பாலைக்குத் துடி என நிலந்தோறும் ஒரு பறை உண்டு.

இத்தகைய பெயருக்கு நேர்ந்தது என்ன? கருவியின் பெயர் அதை முழக்கியவர்க்கு ஆயிற்று. அவர்களைத் தாழ்த்திய சமூகம் அந்தப் பெயரையும் தாழ்த்தியது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பறையர் என்னும் சொல் ஆங்கிலத்தில் ‘பரையா’ என்று புகுந்து, ஒதுக்கப்பட்டவர் அனைவருக்கும் பொதுப்பெயராய் விரிந்தது. பிரான்சில் பெர்னார்தின் தெ சேன்பியர் 1791-இல் ‘இந்தியக் குடிசை’ என்னும் கதையை எழுதி, அறிவிற் சிறந்தவனாக ஒரு பறையரையே காட்டினார். செருமானியக் கவிஞர் கெதே 1824-இல் ‘பரியா’ என்னும் தலைப்பில் பாடல்கள் வெளியிட்டார். அவர்கள் இரங்கினார்கள். எனினும் சொல் தேறவில்லை. ஆங்கிலச் செய்தித்தாள்கள் தமக்கு ஆகாத அரசைப் ‘பரையா நாடு’ என்கின்றன. நம்மில் ஆங்கிலம் நன்கு எழுதுவோரும் அச்சொல்லைக் கூசாமல் கையாளுகிறோம். ‘சொல்’ என்று பொருள்படும் ஒரு வேர், பேச இடம் மறுக்கப்பட்டவனுக்குப் பெயராகி உலகம் சுற்றுகிறது.

இந்த நாட்டிலேயே அந்தப் பெயரை வேறு வகையில் எடுத்தாண்டவர் ஒருவர் உண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் சென்னையில் ஓர் இதழ் தொடங்கினார். அதற்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். 1900 வரை அது வெளிவந்தது.