பொக்லைன் யார் பேச்சைக் கேட்கும்?

பிள்ளைகளே, உங்க வீட்டுப் பக்கம் எப்பவாவது ரோடு தோண்டி, குழாய் பதிக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? அங்கே நீளமான கையோடு ஒரு பெரிய இயந்திரம் நிற்கும். தமிழ்நாட்டில் அதைப் 'பொக்லைன்' என்று சொல்வாங்க. பொக்லைன் என்பது உண்மையில் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். 'ஜேசிபி'யும் அப்படித்தான், அது ஓர் இங்கிலாந்துக் கம்பெனி. இலங்கையில் இருந்து வந்தவங்க 'பெக்கோ' என்று சொல்லிக் கேட்டிருப்பீங்க. நல்ல தமிழில் 'அகழ்பொறி' என்றும் எழுதலாம். அகழ் என்றால் தோண்டு. இந்தப் பாடத்தில் நான் பொக்லைன் என்றே எழுதுறேன். ஊருக்குப் போனால் தாத்தாவுக்கு அதுதான் புரியும்.

நான் ஒரு மென்பொருள் பொறியாளர். மென்பொருள் என்றதும் நீங்க ஃபோன், கேம் என்று நினைப்பீங்க. நான் எழுதுற நிரல் மண் தோண்டும்.

முதலில் உங்க வலது கையை முன்னால் நீட்டுங்க. தோளில் இருந்து முழங்கை வரைக்கும் ஒரு பகுதி. முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரைக்கும் இன்னொரு பகுதி. அப்புறம் உள்ளங்கை. பொக்லைனுக்கும் இதே மூன்றும் இருக்கு: மேல்கை, முன்கை, வாளி. உட்கார்ந்த இடத்திலேயே இடுப்பைத் திருப்புங்க. பொக்லைனும் அப்படித் திரும்பும். ஆனால் அது நம்மை மாதிரி பாதியில் நிற்காது, முழு வட்டமும் சுற்றும்!

நம்ம கையை அசைப்பது தசை. பொக்லைனின் தசை எண்ணெய். ஓர் இரும்பு உருளைக்குள் பம்பு எண்ணெயைத் தள்ளும், உள்ளே இருக்கிற தண்டு வெளியே நீளும், கை தூக்கும். இந்த உருளையைத்தான் சிலிண்டர் என்கிறோம். இப்படி எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்வதற்கு ஹைட்ராலிக் என்று பெயர்.

எவ்வளவு அழுத்தம்? உங்க கார் டயரில் 2 முதல் 2.5 பார் வரை அழுத்தம் இருக்கும். ஒரு பெரிய பொக்லைனில் 350 பார் வரை போகும். 350 பார் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 350 கிலோ எடை உட்கார்ந்த மாதிரி. 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு சுமார் 113 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்க, ஏறக்குறைய 40 டன் வரும். ஒரு யானை 4 டன் என்று வைத்துக்கொண்டால், ஒரே சிலிண்டர் பத்து யானைகளைத் தள்ளும்.

இந்தப் பலத்தை மனசில் வைச்சுக்கோங்க. கதை இனிமேதான் இருக்கு.

ஓட்டுநர் இருக்கையின் இரண்டு பக்கமும் இரண்டு கைப்பிடிகள் இருக்கும். பல பொக்லைன்களில் வலது கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் மேல்கை தூக்கும், முன்னால் தள்ளினால் இறங்கும். பழைய இயந்திரங்களில் கைப்பிடியே நேராக எண்ணெயின் வழியைத் திறந்துவிடும். இப்போது வருகிற பலவற்றில் கைப்பிடிக்கும் எண்ணெய்க்கும் தொடர்பே இல்லை. கைப்பிடிக்கு அடியில் ஒரு சின்னக் காந்தம், அதன் பக்கத்தில் ஓர் உணரி, அவ்வளவுதான். காந்தம் எவ்வளவு நகர்ந்தது என்று உணரி பார்த்து, அதை வோல்ட் கணக்கில் கணினிக்குச் சொல்லும். கணினி வால்வுக்கு மின்சாரம் அனுப்பும். வால்வு என்பது எண்ணெய்க்கு வழிவிடுகிற கதவு. கதவு திறந்தால்தான் கை அசையும்.

அப்போ பொக்லைன் ஓட்டுநர் பேச்சைக் கேட்குதா, கணினி பேச்சைக் கேட்குதா? ஓட்டுநர் கேட்பார், கணினி முடிவு பண்ணும். அந்த முடிவை எழுதுகிறவங்களில் நானும் ஒருத்தி.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். என் நிரல் ரொம்ப எளிமையாக இருந்தது. கைப்பிடி நடுவில் இருந்தால் 2.5 வோல்ட், அப்போது நில். முழுசாக இழுத்தால் 5 வோல்ட், வேகமாகத் தூக்கு. முழுசாகத் தள்ளினால் 0 வோல்ட், வேகமாக இறக்கு. கணினியில் நூறு தடவை ஓட்டிப் பார்த்தேன், ஒரு பிழைகூட இல்லை. எனக்கு ஒரே பெருமை.

பிறகு சோதனை மைதானத்துக்குக் கொண்டு போனோம். அனுபவமுள்ள ஓர் ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார். வாளி உயரத்தில் நின்றது. சோதனைக்காக, நாங்க எல்லோரும் தள்ளி நின்றுகொண்டு, கைப்பிடியில் இருந்து வரும் ஒரு கம்பியைக் கழற்றினோம். கம்பி கழன்றால் கணினிக்கு என்ன தெரியும்? 0 வோல்ட். என் நிரலில் 0 வோல்ட் என்றால் என்ன?

தடால்! வாளி மண்ணில் போய் இறங்கியது. ஓட்டுநர் கைப்பிடியைத் தொடவே இல்லை.

அவர் இறங்கி வந்தார், கோபப்படவில்லை. "வாளிக்குக் கீழே குழிக்குள்ள ஒரு ஆள் நின்னிருந்தா?" என்று மட்டும் கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவே இல்லை.

என் நிரல் பிழையில்லாமல்தான் ஓடியது. நான் எழுதியதை அப்படியே செய்தது. நான்தான் 'யாரும் எதுவும் சொல்லவில்லை' என்பதையும் 'கீழே இறக்கு' என்பதையும் ஒன்றாக்கி வைச்சிருந்தேன்.

எப்படித் திருத்தினோம் தெரியுமா? முதல் மாற்றம்: கைப்பிடி 0.5 முதல் 4.5 வோல்ட் வரைக்கும்தான் பேசும். அதற்கு வெளியே என்ன வந்தாலும் கம்பியில் கோளாறு என்று கணினி புரிந்துகொண்டு நிறுத்திவிடும். இரண்டாவது மாற்றம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு கைப்பிடிக்கு இரண்டு உணரிகள். ஒன்றின் எண் ஏறும்போது மற்றதின் எண் இறங்கும். ஒன்று 2 என்றால் மற்றது 3. ஒன்று 4 என்றால் மற்றது 1. கூட்டினால் எப்பவும் ஏறக்குறைய 5 வரணும். வரவில்லை என்றால் யாரோ ஒருத்தர் தப்பாகச் சொல்றாங்க. யார் என்று கணினிக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நில்!

நிறுத்துவது எப்படி? இங்கே மென்பொருளுக்கு ஒரு பழைய நண்பன் இருக்கான்: ஸ்பிரிங். வால்வுக்குப் போகும் மின்சாரம் நின்றால், உள்ளே இருக்கிற ஸ்பிரிங் வால்வை நடுவுக்குத் தள்ளிவிடும். கதவு மூடிக்கொள்ளும், எண்ணெய் சிலிண்டருக்குள்ளேயே நிற்கும், கையும் அங்கேயே நிற்கும். கணினியே செத்துப் போனாலும் ஸ்பிரிங் வேலை செய்யும். இதைக் கண்டுபிடித்தது நாங்க இல்லை, மென்பொருள் வருவதற்கு முன்னாலேயே பொறியாளர்கள் வால்வுக்குள் ஸ்பிரிங் வைத்துவிட்டாங்க.

ஒரு சிக்கல் இருக்கு. மூடிய வால்விலும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். தூக்கிய கை மெதுவாகக் கீழே வரலாம். அதனால் தூக்கி வைத்த வாளிக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது. இன்னொன்று: பெரிய கை ஓட்டுநருக்கு வலது பக்கத்தை மறைக்கும். அந்தப் பக்கம் நீங்க நின்றால் அவருக்குத் தெரியாமல் போகலாம். வேடிக்கை பார்க்கணும் என்றால் வேலிக்கு வெளியே நின்று பாருங்க.

கைப்பிடி, இஞ்சின், வால்வு எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணினிகள் இருக்கும். அவை முறுக்கிய இரண்டு கம்பிகள் வழியாகப் பேசும். அந்த முறைக்குக் கேன் என்று பெயர். 1986-ல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி கார்களுக்காக வெளியிட்டது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால், சின்ன எண் உள்ள செய்திக்கு மற்றது வழிவிடும். நம்ம வீட்டில் விருந்தாளிகள் வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவாங்களே, அங்கே இந்த விதி இருந்தால் நல்லா இருக்கும்! எங்கள் கைப்பிடி ஒரு நொடிக்கு 100 தடவை செய்தி அனுப்பும். சில செய்திகள் தொடர்ந்து வராமல் போனால்? அதுவும் '0' மாதிரிதான். நில்!

குளிர்காலத்தில் சமையலறையில் தேங்காய் எண்ணெய் உறைவதைப் பார்த்திருப்பீங்க. ஹைட்ராலிக் எண்ணெய் அப்படிக் கட்டியாகாது, ஆனால் குளிரில் தடித்துப்போகும். அதனால் காலையில் எண்ணெய் சூடாகும் வரை வேகமாக வேலை செய்யாதே என்றும் நிரலில் எழுதுவோம்.

அந்த ஓட்டுநரோடு இரண்டு வாரம் கழித்து மறுபடி சோதனை செய்தோம். வாளி உயரத்தில் இருந்தது. கம்பியைக் கழற்றினோம். வாளி அசையவில்லை, திரையில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். பிறகு, "இப்ப இரண்டாவது கம்பியையும் கழற்று" என்றார்.

புதிய சொற்கள்
அகழ் – தோண்டு
உணரி – ஒரு மாற்றத்தை அறிந்து சொல்லும் சின்னக் கருவி
நிரல் – கணினிக்கு எழுதும் கட்டளைகள்
கசிதல் – கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகுதல்

பயிற்சி
1. உங்க கையைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்க: தோள், முழங்கை, மணிக்கட்டு, உள்ளங்கை. பொக்லைனில் வாளி எதற்குச் சமம்?
2. நீங்கதான் கணினி. இரண்டு உணரிகளும் இப்படிச் சொல்லுது: (அ) 1.5, 3.5 (ஆ) 4, 4 (இ) 2.5, 2.5 (ஈ) 0, 5. எப்போது கைப்பிடியை நம்புவீங்க? எப்போது 'நில்' என்பீங்க? (ஈ)-யில் அவசரப்படாதீங்க.
3. உங்க வீட்டில் இந்த இயந்திரத்துக்கு என்ன பெயர் சொல்றாங்க? அம்மா, அப்பா, தாத்தா, பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாங்க.