மலைநடையும் உடன்செல்வோர் ஆற்றலும்

மலைமேற் செல்லும் விருப்பம் நம் மாணாக்கரிடையே ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வாய்க்குமாயின், பத்துப்பேர் கூடிக் கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ புறப்பட்டுவிடுகின்றனர். புறப்படுமுன் அவர்கள் ஆராய்வன யாவையெனின், எம்மலை உயரமானது, எவ்வருவி அழகியது, பேருந்து எத்தனை மணிக்கு என்பனவேயாம். உடன்வருவோர் யாவர், அவருள் எவர் எவ்வளவு நடக்கவல்லார் என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை; எழுந்தாலும், 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்னும் ஒரு சொல்லால் அஃது அடங்கிவிடும். மலையைத் தேர்ந்தபின் ஆட்களைச் சேர்த்தல் என்னும் இம்முறை தலைகீழானது என்பதும், ஆட்களை அறிந்த பின்னரே வழியைத் தேர்தல் வேண்டும் என்பதுமே ஈண்டு யாம் கூறப்புகும் பொருள்.

தமிழ் பயில்வார்க்கு இப்பொருள் முற்றிலும் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், பரிசில் பெற்று மீளும் கூத்தனொருவன் எதிர்ப்பட்ட கூத்தனை நன்னன்பால் ஆற்றுப்படுத்துவதாகப் பெருங்கௌசிகனார் பாடியது. அதன் 583 அடிகளிற் பெரும்பகுதி மலைவழியைப் பற்றியதே. பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள இடத்தை இருளிற் கடவாது விடிந்தபின் கடத்தல், பாம்பு உறையும் குழிகளை நோக்கி நடத்தல், இடர்மிக்க இடங்களிற் கைகோத்து மெல்லச் செல்லுதல், பொழுது போயின் குகையில் தங்குதல் என இவ்வாறு அறிவுரைகள் தொடர்கின்றன. அவற்றைக் கேட்போர் எத்தகையர் என்பதை நோக்குக. இசைக்கருவிகளைச் சுமந்த ஆடவரும், வழிநடந்து வருந்திய விறலியரும், உடன்வரும் சுற்றத்தாரும் சேர்ந்த கூட்டம் அது. போர்வீரர்க்கு மட்டும் வழிகூறுவதாயிருப்பின் இப்பாட்டுப் பாதியளவில் முடிந்திருக்கும் என்று வகுப்பறையில் யாம் எம்முள் நகைத்ததுண்டு.

இக்காலத்தில் வழியைப் பற்றிய செய்திக்குக் குறைவில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாட்டு வனத்துறையினர் 14 மாவட்டங்களில் 40 மலைவழிகளைத் தேர்ந்து, எளியன, இடைத்தரத்தன, கடியன என மூவகைப்படுத்தி, வழிகாட்டிகளோடு செல்லுமாறு ஒழுங்கு செய்தனர். இது பெரிதும் பயன்படுவது. ஆயினும் 'எளியது' என்னுஞ் சொல் வழியைக் குறித்ததேயன்றி நடப்பவரைக் குறித்ததன்று. முழங்கால் வலியுடைய ஆசிரியர்க்கு ஏற்றம் தாங்கக்கூடியது, இறக்கமே கடியது. ஆஸ்துமாவுடைய மாணாக்கனுக்கோ இறக்கம் விளையாட்டு, ஏற்றம் துன்பம். உயரத்திற்கு அஞ்சுவோர்க்கு இவ்விரண்டும் ஒன்றே. பாறை விளிம்பை அணுகும் பத்தடித் தூரமே அவர்க்கு மலை. ஆதலின், நடப்பவரை வல்லார், மெல்லியார் என ஒரே ஏணியில் மேலும் கீழுமாக நிறுத்துதல் பொருந்தாது. எவர்க்கு எது கடிது என்று தனித்தனியே அறிதல் வேண்டும்.

அதனை அறிவதும் எளிதன்று. பலர் முன்னிலையில், 'உன்னால் இயலுமா?' என வினவினால், 'இயலும்' என்பதன்றி வேறு விடை எவரும் கூறார். பத்தொன்பது வயதினர் நிச்சயமாகக் கூறார். தனியே அழைத்து, 'கடைசியாக ஒருமணி நேரம் இடைவிடாது மேடேறியது எப்பொழுது? மறுநாள் கால் எவ்வாறிருந்தது? மருந்து ஏதேனும் உட்கொள்வதுண்டா?' என வினவுதல் நலம். செய்தியைக் கேட்கும் வினாவுக்கு மெய்யான விடை கிடைக்கும். துணிவைக் கேட்கும் வினாவுக்கு வீறாப்பே விடையாகும்.

இனிக் காலக்கணக்கு. 1892-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு மலையேறியாகிய வில்லியம் நெய்ஸ்மித் என்பார் ஒரு விதி வகுத்தார். நிலப்படத்திற் காணும் ஒவ்வொரு 3 மைலுக்கும் ஒருமணி நேரம். அதனோடு ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் மேலும் ஒருமணி நேரம் என்பது அது. நம் அளவையில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர்க்கு ஒருமணி, 600 மீட்டர் ஏற்றத்திற்கு ஒருமணி எனக் கொள்ளலாம். 8 கிலோமீட்டர் நீளமும் 600 மீட்டர் ஏற்றமும் உடைய வழிக்கு 2 மணி 36 நிமிடம் ஆகும். இவ்விதி உடல் வலியுடையார் நல்வழியில் இடையே தங்காது நடப்பதற்கு உரியது. பலதிறத்தார் கூடிய கூட்டத்திற்கு இதிற் பாதியையேனும் கூட்டுதல் வேண்டும்; தளர்நடையினர் உளராயின் இரட்டித்தலே தகும் என்பது எம் கருத்து. அப்பொழுது 2 மணி 36 நிமிடம் 5 மணிக்கு மேலாகும். மற்றொன்றையும் கருதுக. ஸ்காட்லாந்தில் நடுவேனிற் காலத்து இரவு 10 மணியளவிலும் வெளிச்சமுண்டு. நம் நாட்டிலோ ஆண்டு முழுதும் மாலை 6 மணியையொட்டியே ஞாயிறு மறையும். மரஞ்செறிந்த சரிவில் அதற்கு முன்பே இருள் பரவும். பிந்துவோர்க்கு நம் மலைகள் தரும் தவணை மிகச் சிறிது.

இவற்றையெல்லாம் பொருத்திக் காண்பதற்குக் கொடைக்கானலைக் காட்டினும் தக்க இடம் யாம் அறியோம். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தோர் சமநிலத்துக் காய்ச்சலுக்கும் வெப்பத்துக்கும் ஒதுங்கி அங்கே முதலில் இரு வீடுகள் கட்டினர். மோட்டார்ச் சாலை அமையுமுன் மலையடிவாரத்திலிருந்து நடைவழியாகவே ஏறுதல் வேண்டும். நோயாளரும் குழந்தைகளும் நாற்காலிகளிலும் டோலிகளிலும் சுமந்து செல்லப்பட்டனர். ஆற்றல் வேறுபட்டோர் ஒருங்கே மலையேறுதல் அவ்வூரின் தோற்றத்திலேயே உள்ளது எனலாம். சுமந்தவர்தம் ஆற்றலை எவர் அளந்தார் என்பது வேறு வினா.

அவ்வூர் மலைநடைகள் பலவற்றிற்கு ஓர் இயல்புண்டு. ஊர் மேலே இருத்தலின், புறப்படுங்கால் இறக்கமும் மீளுங்கால் ஏற்றமும் அமைகின்றன. வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் என்னும் பாறைக்குச் செல்லும் வழி இதற்குச் சான்று. மரவேர்களும் கற்களுமே படிகளாக அமைந்த அச்சரிவில் காலை வேளையில் அனைவரும் உவகையோடு இறங்குவர். எவர்க்கும் களைப்புத் தோன்றாது. களைத்த காலோடும், ஏறிய வெயிலோடும், பாதி ஒழிந்த தண்ணீர்க் குப்பியோடும் அதே வழியை ஏறுங்கால்தான் அதன் உண்மை விளங்கும். அடிவாரத்திலிருந்து ஏறும் மலையில், தளர்ந்தவர் நின்ற இடத்திலிருந்து திரும்பினால் இறக்கமே எஞ்சும். மேலிருந்து இறங்கும் மலையில் தளர்ச்சியை உணரும்பொழுது ஏற்றம் முழுதும் எஞ்சி நிற்கும். ஆகவே இத்தகைய வழியில் திரும்புதற்குரிய வேளையைக் களைப்பைக் கொண்டன்று, கடிகாரத்தைக் கொண்டே வரையறுத்தல் வேண்டும்.

அப்பாறைக்கும் அப்பால் வழி கீழ்நோக்கி வெள்ளகெவி என்னும் சிற்றூர்க்குச் சென்று, பின்னும் இறங்கிப் பெரியகுளத்தையடுத்த கும்பக்கரை அருவியருகே முடிகின்றது. வெள்ளகெவி நெடுங்காலம் சாலையின்றிக் கால்நடையாகவே அடையப்பட்ட ஊர். ஊருக்குள் செருப்பணியாமை அவ்வூரார் வழக்கு. செல்வோரும் அதனை மதித்தல் முறை. (உயர்ந்த விலைக் காலணிகளை வாங்கிவந்த எம் நண்பர்க்கு இச்செய்தி சிறிது வருத்தந் தந்தது.)

சென்ற ஆண்டு யாம் பதினால்வர், ஆசிரியர் ஒருவர் உட்பட, இவ்வழிக்குத் திட்டமிட்டோம். முழங்கால் வலியுடையார், ஆஸ்துமாவுடையார், கால் முறிந்து ஊன்றுகோல் கொண்டு நடப்பார் என ஒவ்வொருவர் எம்மிடையே இருந்தனர். மலைவழியை உடனே தொடங்காது, முதல்நாள் மாலை ஏரியைச் சுற்றி நடந்தோம். 1863-இல் லெவிஞ்சு துரையால் அமைக்கப்பெற்ற அவ்வேரியின் சுற்றுச்சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமன். ஒத்திகைக்கு இதனினும் நல்ல களமில்லை. உடற்பயிற்சிக் கூடத்திற் புகழ்பெற்ற ஒருவர் புதுக் காலணி கடித்து மூன்றாங் கிலோமீட்டரிலேயே நொண்டத் தொடங்கினார். ஊன்றுகோல் நண்பரோ ஒரே சீராக நடந்து முடித்தார். தமக்காக எவரும் நிற்க வேண்டா என்றும், நின்று நின்று பார்ப்பதே தம்மை வருத்துகின்றது என்றும் அன்றிரவு எம்மிடம் கூறினார்.

அதன்பின்னரே திட்டம் உருப்பெற்றது. மறுநாள் விடியலில் பதினால்வரும் கோக்கர்ஸ் வாக் சென்றோம். 1872-இல் கோக்கர் என்பாரால் மலைவிளிம்பையொட்டி அமைக்கப்பெற்ற, ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளமுடைய நடைபாதை அது. சரிவிற்குக் கீழே சமவெளி விரிந்து கிடக்கும் காட்சியைக் காண அங்கே வேரும் பாறையும் தாண்டவேண்டுவதில்லை. நடைகளைப் பிரிக்குங்கால் மெல்ல நடப்பார்க்கு எஞ்சியதைத் தருதல் வழக்கமாயிருக்கின்றது. சிறந்த காட்சியொன்றை அனைவர்க்கும் பொதுவாக முதலில் வைத்தல் எம் துணிபு. பின்னர்ப் பதின்மர் டால்பின் நோஸ் வரையும், அவருள் ஐவர் உரிய இசைவும் உள்ளூர் வழிகாட்டியும் பெற்று வெள்ளகெவி வரையும் செல்வதெனவும், ஆசிரியரும் ஊன்றுகோல் நண்பரும் மற்றிருவரும் வட்டக்கானலில் தங்குவதெனவும் முடிவாயிற்று. எந்தப் பிரிவும் நால்வர்க்குக் குறையலாகாது என்று விதித்துக்கொண்டோம். ஒருவர்க்கு ஊறு நேரின் ஒருவர் உடனிருக்க, இருவர் உதவி நாடிச் செல்லல் வேண்டுமன்றோ? கைப்பேசி அலை எட்டாத சரிவுகளில் இவ்வெண்ணிக்கையே காப்பு.

நடக்கும் ஒழுங்கைப் பற்றியும் ஒன்று சொல்லல் வேண்டும். விரைந்து நடப்போர் முன்சென்று ஒரு நிழலில் அமர்ந்து பின்வருவோரை எதிர்நோக்குவர். பின்வருவோர் மூச்சிரைக்க வந்து சேர்ந்த அக்கணமே, 'வந்துவிட்டார்கள், புறப்படலாம்' என எழுவர். இதனால், இளைப்பாற வேண்டாதவர் கால்மணி நேரம் இளைப்பாறுகின்றனர்; வேண்டியவர்க்கு ஒரு நொடியும் இல்லை. நாள் முழுதும் இவ்வாறு நிகழ்ந்தால் தளர்ந்தவர் மேலும் தளர்ந்து, தம்மாற் பிறர்க்கு இடையூறு என்றெண்ணி, நீர் அருந்தவும் நில்லாது நடந்து வீழ்வர். இது கொடுமை, அறியாது செய்யும் கொடுமையாதலின் பலகாலும் நிகழ்வது. கடைசியாக வந்தவர் அமர்ந்த பின்னரே இளைப்பாறுங் காலத்தை எண்ணத் தொடங்குதல் வேண்டும். அதனினும் நன்று, மெல்ல நடப்பவரை வழிகாட்டியை அடுத்து முன்னே நிறுத்துதல். கூட்டத்தில் மிக வலியவர் கடையில் வரல் வேண்டும். தலை எண்ணிக்கையும் மருந்துப் பையும் அவர் பொறுப்பு.

உணவு உடை பற்றி விரித்தல் வேண்டா. புளிச்சோறும் கடலைமிட்டாயும் எவரும் அறிந்தன. மழைக்காலத்து அட்டைக்கு உப்பும் அவ்வாறே. பருவத்தை மட்டும் மறத்தலாகாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயிற் சிக்கி, மலைநடை சென்றோருள் இருபதின்மர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். புல் காய்ந்து நிற்கும் மாதங்களில், விரைந்து ஓட இயலாதாரை மட்டுமன்று, எவரையுமே அச்சரிவுகட்கு அழைத்துச் செல்லல் தகாது. வனத்துறையினர் வழியை மூடியிருப்பின் அதனோடு வாதாடவும் வேண்டா.

டால்பின் நோஸிலிருந்து மீளும் வேளையைக் காலை 10 மணியென முன்பே குறித்திருந்தோம். பனிமூட்டம் விலகாமையின் இன்னும் சிறிது நேரம் காத்திருந்தால் பள்ளத்தாக்குத் தெரியுமெனச் சிலர் வேண்டினர். 10 மணிக்கே எழுந்தோம். வெள்ளகெவிக்கு உரிய ஐவர் வழிகாட்டியோடு கீழே இறங்க, எஞ்சிய ஐவரை ஆஸ்துமாவுடைய நண்பர் முன்னின்று நடத்தினார். அவர் நின்றபொழுதெல்லாம் யாமும் நின்றோம். ஒருமணி கால் ஆகுமெனக் கணித்த ஏற்றம் ஒருமணி இருபது நிமிடத்தில் முடிந்தது. மேலே ஆசிரியரும் ஊன்றுகோல் நண்பரும் தேநீர்க் கடையில் எமக்கு இடம் பிடித்து வைத்திருந்தனர்.