வெண்ணெய் கெடாமல் இருக்க எந்தப் பாத்திரம் நல்லது?



வீட்டுப் பசுவின் பாலை உறை ஊற்றி, மத்தால் கடைந்து எடுக்கிற வெண்ணெய் பிள்ளைகளுக்கு நல்ல உணவு. ஆனால் "முந்தாநாள் எடுத்த வெண்ணெய், இன்னைக்கே காறுதே!" என்று பல வீடுகளில் சொல்லக் கேட்கிறோம். குற்றம் பசுவிடம் இல்லை. பெரும்பாலும் வெண்ணெயை வைக்கிற பாத்திரத்தில்தான் இருக்கிறது.

வெண்ணெய் ஏன் கெடுகிறது?

காற்றும் வெளிச்சமும் பட்டால் வெண்ணெயில் சிக்கு வாடை வரும். 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது உருகிவிடும். நம் ஊர் சித்திரை வெயில் அதையும் தாண்டும். வெண்ணெயில் மோர் தங்கியிருந்தால் கிருமிகள் பெருகும். பக்கத்தில் இருக்கும் வெங்காயம், கருவாடு, மண்ணெண்ணெய் வாடையையும் வெண்ணெய் இழுத்துக்கொள்ளும்.

எதில் வைக்கலாம்?

1. பீங்கான் ஜாடி மிக நல்லது. வெளிச்சம் புகாது, புளிப்பு அதை அரிக்காது. ஊறுகாய் வைத்த ஜாடி வேண்டாம்.

2. மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவும் நல்லது.

3. கண்ணாடி பாட்டில் என்றால் இருட்டான இடத்தில் வையுங்கள்.

4. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரம் கூடாது. மோர்ப் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும்; வெண்ணெயும் சீக்கிரம் காறும். துருப்பிடித்த தகர டப்பாவும் அப்படியே.

5. கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக் டப்பாவில் அழுக்கும் வாடையும் தங்கும். தவிர்த்துவிடுங்கள்.

பாத்திரம் சிறியதாக இருக்கட்டும். பெரிய டப்பாவில் கொஞ்சம் வெண்ணெய் வைத்தால் மீதி இடமெல்லாம் காற்றுதான்.

ஒரு வீட்டில் கண்டது

ஒரு கிராமத்தில் வீடு வீடாகப் போனபோது, வெண்ணெய் வைக்க என்று ஒரு டப்பா திண்ணையில் காய்ந்துகொண்டிருந்தது. வயலுக்கு அடித்த பூச்சிமருந்து டப்பா அது! "சாம்பல் போட்டு மூணு தடவை தேய்ச்சுட்டேன் சார், வாடையே இல்லை" என்றார் வீட்டுக்காரர். "புள்ளைங்க திங்கிறதாச்சே, எனக்கு மனசே ஒப்பலை" என்றார் அவர் மனைவி. அந்த அம்மாள் சொன்னதுதான் சரி. வாடை போனால் விஷம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. பல பூச்சிமருந்துகள் கொழுப்பில் கரைபவை. டப்பாவில் ஒட்டியிருப்பது வெண்ணெயில் இறங்கிவிடும். அந்த டப்பாவில் அன்றைக்கே ஆணியால் ஓட்டை போட்டு, யாரும் எடுத்துப் புழங்காதபடி செய்தார் அவர். பூச்சிமருந்து டப்பாவை எத்தனை தடவை கழுவினாலும் சாப்பாட்டுச் சாமானுக்கு ஆகாது.

வைக்கும் முறை

பாத்திரத்தைச் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். கடைந்தெடுத்த வெண்ணெயை, காய்ச்சி ஆறிய தண்ணீரில், தண்ணீர் தெளியும் வரை கழுவுங்கள். பிறகு ஜாடியில் போட்டு, வெண்ணெய் மூழ்கும் அளவு அதே தண்ணீர் ஊற்றி மூடுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள்.

வாயகன்ற மண்சட்டியில் ஈர மணல் பரப்பி, நடுவில் ஜாடியை வைத்து, ஈரத்துணி சுற்றி நிழலில் வையுங்கள். ஈரம் காயும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஜாடி குளிர்ச்சியாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டி உள்ள வீடுகளிலும் மூடித்தான் வைக்க வேண்டும்.

பழைய வெண்ணெய் மேல் புது வெண்ணெயைப் போடாதீர்கள். பழசு புதுசையும் கெடுக்கும். பெட்டி இல்லாத வீடுகளில் இரண்டு மூன்று நாளுக்குள் உருக்கி நெய்யாக்கிவிடுங்கள். காறல் வாடையோ பூசணமோ கண்டால், பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

வெண்ணெய் எடுப்பது மனைவியின் வேலை, டப்பா வாங்குவது கணவரின் வேலை என்று பிரிக்காமல், இருவரும் கலந்து பேசி ஒரு நல்ல ஜாடி வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள்.

சுத்தமான பாத்திரம் – சுகமான குடும்பம்!