கணினி மன்னர்களிடம் தூது போவது எப்படி

ஆமத்தூர்

அன்புள்ள மருமகனுக்கு,

வரலாற்று வியூக விளையாட்டுகளில் கணினி நடத்தும் அரசுகளுக்குக் கோபமும் கிடையாது, பாசமும் கிடையாது. அவற்றிடம் இருப்பது கூட்டல் கழித்தல் கணக்கு. கூட்டணி கேட்டுத் தூது போனால், சேர்வதற்கான காரணங்களையும் சேரக்கூடாததற்கான காரணங்களையும் அந்த அரசு எண்களாக்கிக் கூட்டிப் பார்க்கிறது. விடை பூஜ்யத்தைத் தாண்டினால் சம்மதம், தாண்டாவிட்டால் மறுப்பு. இந்தக் கணக்கைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள்தான் கணினி வஞ்சகம் செய்கிறது என்று திட்டிவிட்டுப் படையைக் கிளப்புகிறார்கள்.

2013-ல் வெளிவந்த யூரோபா யுனிவர்சாலிஸ் 4 தன் கணக்கை ஒளிக்காமல் காட்டுகிறது. அதனால் பழகிக்கொள்ள அதுவே தோதான ஆட்டம். அதன் காலம் 1444 நவம்பர் 11-ல் தொடங்குகிறது. விஜயநகரத்தை எடுத்து ஆடினால் வடக்கே பாமினி சுல்தானகம் எதிரே நிற்கும். தனியாக மோதுவதைவிடத் துணை தேடுவது நல்லது. ஓர் அண்டை அரசைத் திறந்து, கூட்டணி கேட்கும் பொத்தானின் மேல் சுட்டியை வைத்தால் சிறிய பெட்டி ஒன்று விரியும். அதில் வரி வரியாகக் காரணங்கள் இருக்கும். நல்லெண்ணத்துக்கு இவ்வளவு, பொதுப் பகைவன் இருப்பதற்கு இவ்வளவு என்று பச்சையில் கூட்டல். தொலைவுக்கு இவ்வளவு, உங்கள் நிலத்தின் மேல் அவர்களுக்கு இருக்கும் ஆசைக்கு இவ்வளவு என்று சிவப்பில் கழித்தல். கீழே மொத்தம். மொத்தம் கொஞ்சம் குறைந்து நின்றால் தூதர் ஒருவரை அனுப்பி உறவை மேம்படுத்தச் சொல்லலாம். எண் மாதாமாதம் ஏறும். தொடக்கத்தில் கையில் இருக்கும் தூதர்கள் இரண்டு மூன்று பேர்தான் என்பதால், யாரிடம் அனுப்புவது என்பதே முதல் பெரிய முடிவு.

இங்கே புதிதாக ஆடுபவர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நல்லெண்ணம் வேறு, நோக்கம் வேறு. உங்களைப் பற்றிய மதிப்பு +100 இருக்கும் அரசுகூட, உங்கள் எல்லை மாகாணம் தனக்கு வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால் பகை நோக்கோடுதான் இருக்கும். அந்த அரசுக்கு எத்தனை பரிசு அனுப்பினாலும் காசுதான் கரையும். ஆகவே சிவப்பு வரிகளை முதலில் படிக்க வேண்டும். எந்தக் கழித்தலைக் காலமும் காசும் கரைக்கும், எது அசையவே அசையாது என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் தூதரைக் கிளப்ப வேண்டும்.

சிவிலைசேஷன் 6-ல் இந்த நோக்கத்துக்கு முகமும் பெயரும் உண்டு. ஒவ்வொரு தலைவருக்கும் வெளிப்படையான கொள்கை ஒன்று, மறைவான கொள்கை ஒன்று. 2018-ல் வந்த ரைஸ் அண்ட் ஃபால் விரிவாக்கத்தில் சேர்ந்த சந்திரகுப்த மௌரியருக்குத் தன் எல்லையை ஒட்டி யாரும் இருப்பது பிடிக்காது. தூரத்தில் இருப்பவர்களை மதிப்பார். அவருடைய சிறப்புத் திறனின் பெயரே அர்த்தசாஸ்திரம். எல்லைக்கு அடுத்திருப்பவன் இயல்பாகவே பகைவன், அவனுக்கு அந்தப்புறம் இருப்பவன் இயல்பாகவே நண்பன் என்ற கௌடில்யரின் மண்டலக் கோட்பாட்டை நிரல் எழுதியவர்கள் ஒரு மனிதரின் குணமாக மாற்றி வைத்திருக்கிறார்கள். சந்திரகுப்தருக்குப் பக்கத்தில் நகரம் அமைத்துவிட்டு நட்புக் கேட்பவருக்கு நல்ல பதில் வராது. முதன்முதலில் ஒரு நாட்டைச் சந்தித்த கையோடு தூதுக்குழு அனுப்புவதும் இந்த ஆட்டத்தில் பயன் தரும். செலவு 25 தங்கம். மனம் கசக்குமுன் போனால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

மண்டலக் கோட்பாட்டுக்கு மகத நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஆமத்தூரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் வட்டாரத்துக்குப் போனால் சேத்தூரும் கொல்லங்கொண்டானும் வரும். இரண்டும் பழைய மேற்குப் பாளையங்கள். 1750-களில் நெற்கட்டும்செவல் பூலித்தேவர் ஆற்காட்டு நவாபுக்கும் கிழக்கிந்தியக் கும்பினிக்கும் எதிராக மேற்குப் பாளையங்களைக் கூட்டணியாகத் திரட்டினார். கொல்லங்கொண்டானும் அதில் இருந்தது. கிழக்கே பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் சேரவில்லை. வரிக்கொடுமை எல்லோருக்கும் பொதுவாகவே இருந்தது. ஆனால் கிழக்குப் பாளையங்களின் பெட்டியைத் திறந்து பார்க்க முடிந்திருந்தால், பக்கத்து மேற்குப் பாளையம் ஓங்கிவிடக் கூடாது என்ற சிவப்பு வரிதான் பெரிதாக இருந்திருக்கும்.

பூலித்தேவருக்குப் பெரிய துணை திருவிதாங்கூர். அந்தத் துணையை முறித்தது பீரங்கி அல்ல. கும்பினிப் படைத்தலைவர் யூசுப்கான், மருதநாயகம் என்று ஊரறிந்தவர், 1759 வாக்கில் திருவிதாங்கூரின் கணக்கைச் சரியாகப் படித்தார். அந்த அரசுக்கு வெகுநாளாகக் களக்காட்டுப் பகுதியின் மேல் கண். அதை விட்டுத்தருவதாகச் சொன்னதும் திருவிதாங்கூர்ப் படை பக்கம் மாறி, பழைய கூட்டாளிகள் மேலேயே பாய்ந்தது. 1761-ல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகள் விழுந்தன. யூரோபா யுனிவர்சாலிஸில் போருக்குத் துணை அழைக்கும்போது நிலம் தருவதாக வாக்களிக்கும் வசதி இருக்கிறது. மறுக்கும் நிலையில் இருக்கும் அரசையும் அது இழுத்து வரும். வெற்றிக்குப் பிறகு வாக்கைக் காப்பாற்றாவிட்டால் அந்த அரசின் நம்பிக்கை சரியும் என்பதையும் சேர்த்தே நிரல் எழுதியிருக்கிறார்கள். ஒன்றும் தராமல் கூப்பிட்டாலே வரக்கூடிய துணைக்கு நிலம் வாக்களிப்பது வீண் தாராளம்.

நம்பிக்கை என்பது தனிக் கணக்கு. நல்லெண்ணம் சீக்கிரம் ஏறி இறங்கும். நம்பிக்கை மெதுவாகச் சேரும், ஒரே தவறில் போய்விடும். சிவகாசியில் அச்சாகும் மொய் நோட்டைப் போன்றது இது: யார் எந்த விசேஷத்துக்கு வந்தார், என்ன வைத்தார் என்பது பதிவாகிக் கிடக்கும், தன் முறை வரும்போது அந்தப் பக்கத்தைப் புரட்டுவார்கள். கூட்டாளி போருக்கு அழைக்கும்போது போகாதவரின் கூட்டணி முறியும், நம்பிக்கையும் குறையும். அதனால் அழைப்பு வருமுன்பே, அதாவது கூட்டணி கேட்கும்போதே, அந்த அரசு யாரோடெல்லாம் சண்டை பிடிக்கப் போகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. சண்டைக்கார அண்டை வீட்டாரைக் கூட்டாளியாக்கிக்கொண்டு, அவருடைய ஒவ்வொரு வம்புக்கும் படை அனுப்பியே கஜானாவைத் தீர்த்தவர்கள் நிறைய.

வராமல் போனதன் விலையைக் கும்பினி நன்றாகவே கட்டியது. முதலாம் மைசூர்ப் போரின் முடிவில், 1769-ல், ஐதர் அலியும் கும்பினியும் சென்னையில் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் துணைக்கு வர வேண்டும் என்பது அதில் ஒரு கூறு. அடுத்த ஆண்டுகளிலேயே மராத்தியர் மைசூருக்குள் புகுந்தபோது கும்பினி அசையவில்லை. ஐதர் அதை மறக்கவில்லை. 1772-ல் நவாபும் கும்பினியும் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றார்கள். அரசி வேலு நாச்சியார் திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சிப் பாளையத்தில் அடைக்கலம் புகுந்தார். குதிரைப்படையும் காலாட்படையும் கேட்டு அந்த ஆண்டே பிரதானி தாண்டவராய பிள்ளை ஐதருக்குக் கடிதம் எழுதினார்.

இந்தத் தூதை ஆட்டக்காரர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். நாச்சியாரிடம் அப்போது நாடும் இல்லை, படையும் இல்லை. எந்தக் கணினியும் பலத்தின் வரியில் பெரிய கழித்தல் போட்டிருக்கும். அதை ஈடுகட்டியது பொதுப் பகை ஒன்றுதான். நவாபும் கும்பினியும் இருவருக்கும் எதிரி. ஆனாலும் நாட்டை மீட்க 1780 வரை, எட்டு ஆண்டுகள், ஆனது. அந்த ஆண்டுதான் ஐதர் தன் சொந்தக் காரணத்துக்காக நவாபின் கர்நாடகத்துக்குள் பெரும்படையோடு இறங்கினார், எதிரியின் கவனம் அங்கே சிக்கியது. துணை கேட்பதற்கான நேரம் நமக்குத் தேவைப்படும் நேரம் அல்ல, அவருக்கும் அதே போர் தேவைப்படும் நேரம். ஆட்டத்திலும் கூட்டாளி கடனில் மூழ்கியிருக்கும்போது, வேறொரு போரில் மாட்டியிருக்கும்போது அழைப்பு விடுத்தால் சிவப்பு வரிகள் நீளும். கடனை அடைத்து, போர் முடித்து, நம் எதிரியைத் தன் போட்டியாளராக அவர் அறிவிக்கும் வரை காத்திருப்பவருக்குச் சம்மதம் எளிதில் வரும்.

கூட்டாளிகளின் எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. யூரோபா யுனிவர்சாலிஸ் உறவுகளுக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது; தாண்டினால் ராஜதந்திரப் புள்ளிகள் மாதந்தோறும் கழியும். வரம்பு இல்லாவிட்டாலும் ஐந்தாறு சில்லறைக் கூட்டாளிகளைவிட எதிரியின் முதுகுப்பக்கம் இருக்கும் ஒரு வலுவான அரசு மேல்.

எதிர்க்கூட்டணி உருவாவதைத் தடுப்பதும் தூதரின் வேலைதான். நிலத்தை அள்ளிப் பிடிக்கப் பிடிக்க அக்கம்பக்கத்து அரசுகளின் மனதில் ஆக்கிரமிப்பு அச்சம் ஏறும். அருகில் இருப்பவர்களுக்கும், ஒரே மதமும் பண்பாடும் கொண்டவர்களுக்கும் அது கூடுதல். ஓர் அளவைத் தாண்டினால் நேற்றுவரை அடித்துக்கொண்டவர்கள்கூட ஒன்றாகச் சேர்ந்து வருவார்கள். ஒரு போரில் கொஞ்சமாகப் பிடித்து, ஆண்டுகளைக் கடத்தி, அடுத்த போரை வேறு திசையில் நடத்துவது இதற்கான வழக்கமான மருந்து. எதிர்க்கூட்டணியில் சேரப்போகும் அரசுகளில் ஒன்றிரண்டைத் தூது விட்டு முன்கூட்டியே சமாதானப்படுத்துவதும் உதவும். தென்தமிழ்நாட்டில் இப்படி ஓர் எதிர்க்கூட்டணி எழுந்தது. 1799 அக்டோபர் 16-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட பிறகு சிவகங்கை மருது சகோதரர்களும் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் விருப்பாச்சி கோபால நாயக்கரும் ஓரணியில் வந்தார்கள். 1801 ஜூன் 16-ல் மருதுவின் அறிக்கை திருச்சியில் ஒட்டப்பட்டது. ஆனால் கும்பினி தன் வேலையை முன்பே முடித்திருந்தது. பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் எட்டயபுரத்துக்குப் பங்கு கிடைத்திருந்தது. புதுக்கோட்டைத் தொண்டைமான் கர்நாடகப் போர்க் காலத்திலிருந்தே கும்பினியின் நண்பர். கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்ததும் அவர் தரப்புதான். அரை நூற்றாண்டு நம்பிக்கைக் கணக்கை ஓர் அறிக்கையால் கலைக்க முடியவில்லை. புதுக்கோட்டைக்குக் கீழாநிலை கிடைத்தது. 1948 வரை அது தனி சமஸ்தானமாகவும் இருந்தது.

எல்லா ஆட்டத்திலும் இவ்வளவு ஆழம் கிடையாது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு 2022-ல் வந்த இந்திய விரிவாக்கத்தில் ராஜேந்திர சோழனின் படையெடுப்புகள் இருக்கின்றன. ஆனால் அங்கே நட்பு, பகை, நடுநிலை என்ற மூன்று நிலைகளுக்கு மேல் பேச இடமில்லை. க்ரூசேடர் கிங்ஸ் 3-ல் எல்லாம் சம்பந்தம்தான். அரசரின் நெருங்கிய உறவினருக்கு மணம் முடித்தால் கூட்டணி பிறக்கும், மணமக்களில் ஒருவர் செத்தால் அது போய்விடவும் கூடும். அதனால் அங்கே வயதையும் உடல்நிலையையும் பார்த்துத்தான் பெண் கொடுக்க வேண்டும். 2025-ல் வந்த சிவிலைசேஷன் 7-ல் சோழர்கள் இருக்கிறார்கள். செல்வாக்கு என்ற தனி நாணயத்தைச் செலவழித்துத்தான் தூது நடக்கிறது.

மிரட்டலும் பாசாங்கும் கணினியிடம் செல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லையில் படையைக் காட்டிப் பயமுறுத்தினால் மனிதர் தடுமாறுவார். கணினி இரு தரப்புப் படையின் எண்ணிக்கையை ஒப்பிட்டுவிட்டு அமைதியாக இருக்கும். எண்ணிக்கை உண்மையிலேயே பெரிதாக இருந்தால் மட்டும் அடங்கும்.

போரை முடிப்பதிலும் இதே கணக்குதான். தோற்றுக்கொண்டிருக்கும்போது தலைநகர் விழும் வரை காத்திருக்காமல், எதிரியின் பெட்டியில் சமாதானத்துக்கான மொத்தம் பச்சைக்கு வந்த உடனே ஒரு சிறு மாகாணத்தைக் கொடுத்து முடித்துக்கொள்வது மலிவு. யூரோபா யுனிவர்சாலிஸில் அதற்குப் பிறகு 5 முதல் 15 ஆண்டுகள் போர்நிறுத்தம்; எவ்வளவு பெரிய விலை பேசி முடித்தார்களோ அவ்வளவு நீளம். அதை மீறிப் படையெடுப்பவருக்கு உள்நாட்டில் நிலைத்தன்மை சரியும். போர்நிறுத்தம் முடியும் தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பாகவே அந்தப் பழைய எதிரியின் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். அவருக்குப் புதிய போட்டியாளர் முளைத்திருந்தால், கூட்டணி கேட்கும் பொத்தானில் மொத்தம் அநேகமாக மாறியிருக்கும்.

அன்புடன்,
மாமா