கலைவிழாவில் என்ன வைக்கலாம்?

கேள்வி: எங்கள் கல்லூரிக் கலைவிழாவில் ஊர்ப் பெருமை சொல்லும் கண்காட்சி வைக்கப்போகிறோம். எதை வைக்கலாம்?
– ஒரு மாணவி, கிருஷ்ணன்கோவில்

பதில்: ஜல்லிக்கட்டு பொம்மையும் பொய்க்கால் குதிரையும் எல்லாக் கல்லூரியிலும் உண்டு, விடுங்கள். பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறது. தலையில் குல்லாய், கையில் தாளத்தோடு பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவை இன்று மிகச் சில கோயில்களில்தான் உண்டு. மார்கழியில் ஆண்டாள் கோயிலுக்கு நேரில் போய்க் கேளுங்கள். பகல்பத்து விழாவின் தொடக்கத்தில் காய்கறிகளைப் பரப்பி ஆண்டாளை வரவேற்கும் ‘பச்சை பரத்த’லையும் பார்த்துவிடலாம். படமெடுக்க மட்டும் முன்அனுமதி வாங்குங்கள்.

ராஜபாளையத்துக்கு ஒரு மூலை ஒதுக்குங்கள். அவ்வூரைச் சேர்ந்த, சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். இப்போது யார் கொடுப்பார்கள்!

2022இல் அகழாய்வு தொடங்கிய வெம்பக்கோட்டையின் சங்கு வளையல், சுடுமண் பொம்மைகளுக்குப் புகைப்படமே போதும்.